ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு பாட்டு

அரியலூர்: பாட்டு முடிஞ்சு ஒரு நிமிசம் ஆச்சு. லைன்ல இருக்கீங்களா பெரம்பலூர்?

பெரம்பலூர்: ம்... இருக்கேன்.

அரியலூர்: சத்தமே காணோம்! டேப் ரெக்கார்டரைப் போன்கிட்டத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னதுல எனக்குக் கை கடுக்குது. நீங்க என்னடான்னா...

பெரம்பலூர்: நல்லாருந்துச்சுங்க அரியலூர்.

அரியலூர்: ஆங்... அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கோம்ல? நல்லாருக்குன்னு கல்யாண வூட்டு ரசத்துக்குச் சொல்லுங்க. பாட்டு உங்களை என்ன பண்ணுச்சு? அதச் சொல்லுங்க.

பெரம்பலூர்: சட்டம் போட்டது நீங்க. நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?

அரியலூர்: ஒன்றரை வருசமா வெள்ளிக்கிழமை மத்தியானம் லைன் சும்மா கெடக்கையில ஒரு பாட்டு. ஒரு வாரம் அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு, ஒரு வாரம் பெரம்பலூர் எக்ஸ்சேஞ்சு. யாரும் கேட்டிராத பாட்டா இருக்கணும். இத்தனைக்கும் தலையாட்டிட்டு இப்பக் கையெழுத்துப் போடலையாம்!

பெரம்பலூர்: சரி சரி... சொல்றேன். மழை வரப் போவுதுன்னா மாட்டை உள்ள கொண்டாந்து கட்ட ஓடுவாங்க பாருங்க. அந்த மாதிரி நெஞ்சுல ஒரு அவசரம். எதையோ உள்ள கொண்டாந்து கட்டணும்னு. எதைன்னுதான் தெரியல. என்ன, மார்க்கு போட மாட்டீங்களா?

அரியலூர்: இருங்க. நீங்க சொன்னதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். இதுக்குத்தான் உங்களுக்குப் பாட்டுப் போடுறது. எங்க வூட்டுல போட்டுக் காட்டினா, யாரு செத்துட்டாங்கன்னு இந்த ஒப்பாரின்னு கேக்குறாங்க.

பெரம்பலூர்: யாரு பாடுனது?

அரியலூர்: திருச்சி ரேடியோவுல ஒரே ஒரு தடவை போட்ட மெல்லிசைப் பாட்டு. பாடுன பொண்ணு பேரைச் சொல்றப்பதான் எங்கம்மா வெங்கலப் பானையைக் கீழ போட்டுச்சு. பேரு போயிடுச்சு.

பெரம்பலூர்: நடுவுல ஒரு சேவல் கூவுச்சே?

அரியலூர்: எங்க வூட்டுச் சேவல்தான். தாளம் தப்பாமத்தானே கூவுச்சு?

பெரம்பலூர்: அதுக்கு வேணா மார்க்கு போடலாம்.

அரியலூர்: இருங்க இருங்க, போர்டுல லைட்டு எரியுது... நம்பர் ப்ளீஸ்... தாலுகாபீசா? மணி அடிக்குது சார்... எடுக்க மாட்டேங்குறாங்க, சாப்பிடப் போயிருப்பாங்க. மூணு மணிக்குக் கேளுங்க... அதுக்கு நான் என்ன சார் பண்ணட்டும், நான் போயி சாதம் போட்டா அனுப்ப முடியும்?... வெச்சுட்டான். பெரம்பலூர்?

பெரம்பலூர்: இங்கதான். சிரிச்சுக்கிட்டிருக்கேன்.

அரியலூர்: சிரிப்பை வெச்சுக்கங்க, வேலையிருக்கு. பக்கத்து சீட்டு உண்ணாமலை அக்கா டீ குடிக்கப் போயிருக்கு. சூப்பர்வைசரு வரதுக்குள்ள ஒரு உதவி கேக்கணும். எனக்கு ரெண்டு பாட்டு வேணும்.

பெரம்பலூர்: ரெண்டா? வாரத்துக்கு ஒண்ணுதானே கணக்கு.

அரியலூர்: அவசரம். நாளான்னைக்கே வேணும்.

பெரம்பலூர்: நாளான்னைக்கு... ஞாயித்துக்கெழமைல்ல?

அரியலூர்: ஆமா. என்னைப் பொண்ணு பாக்க வராங்க.

பெரம்பலூர்: ஓ... சந்தோசம்.

அரியலூர்: இது சந்தோசம்னு சொல்ற கொரலா? தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு.

பெரம்பலூர்: லைன் சரியில்ல. காத்தடிக்குது இங்க.

அரியலூர்: இங்க ஒரு இலை அசையல.

பெரம்பலூர்: மாப்பிள்ளை... யாருன்னு சொன்னாங்களா?

அரியலூர்: கவர்மெண்ட் வேலைன்னாங்க. பேரெல்லாம் நான் கேட்டுக்கல. பேரைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன், ரேஷன் கார்டுலயா எழுதப் போறேன்?

பெரம்பலூர்: ஓ... கேட்டுக்கலையா. சரி. பாட்டு எதுக்கு?

அரியலூர்: பாடச் சொல்லுவாங்கல்ல! எங்க அக்கா சின்னம்மாளைப் பாக்க வந்தப்ப நடந்ததைச் சொல்லியிருக்கேனா?

பெரம்பலூர்: இல்ல.

அரியலூர்: பாடச் சொன்னாங்க. அக்கா எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமாப் பாட்டு ஒண்ணைப் பாடுச்சு. மாப்பிள்ளையோட அம்மாவும் கூடச் சேந்து பாட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டாவது சரணத்துல அத்தைமாருங்க எல்லாம் சேந்துக்கிட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் வெத்தலை மாத்திட்டாங்க. அக்காவுக்கு அந்த மனுசனைப் புடிக்கவே இல்ல. அதை யாருகிட்டச் சொல்றது? பாடுறியாம்மான்னு கேட்டாங்களே தவிர, புடிச்சிருக்கான்னு ஒருத்தரும் கேக்கல.

பெரம்பலூர்: இப்ப எப்புடி இருக்காங்க?

அரியலூர்: இருக்கு. திருமானூர்ல. ரெண்டு புள்ள. அந்தப் பாட்டை எங்கயாச்சும் போட்டா எழுந்து உள்ள போயிடும். அதனால நான் எங்கப்பாகிட்ட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். எனக்குப் புடிச்சிருந்தா ஒரு பாட்டு. புடிக்கலைன்னா வேற பாட்டு. எதைப் பாடுறேன்னு பாத்து அப்பா பேச்சை முடிச்சுக்குவாரு. வந்தவங்களுக்கு ஒண்ணும் வெளங்கக் கூடாது.

பெரம்பலூர்: அதான் யாரும் கேட்டிராத பாட்டா வேணும்.

அரியலூர்: அப்பாடி, புரிஞ்சுதே! கூடப் பாடவும் முடியாது, அர்த்தம் கண்டுபுடிக்கவும் முடியாது. அந்தக் கூடத்துல எனக்கும் அப்பாவுக்கும் மட்டுந்தான் தெரியும்.

பெரம்பலூர்: எனக்கும் தெரியுமே.

அரியலூர்: நீங்க அங்க இருக்கப் போறீங்களா என்ன?

பெரம்பலூர்: இல்ல... சும்மா சொன்னேன். பாட்டைத் தேடிக் குடுக்குறவன்ல.

அரியலூர்: ம். முதல்ல புடிச்சிருக்குங்கறதுக்குச் சொல்லுங்க.

பெரம்பலூர்: அந்த வாழைத்தோப்புப் பாட்டு? படம் வெளிய வராமயே போயி, ரெக்கார்டு மட்டும் வந்துச்சே. செந்துறை மைக்செட்டுக்காரர்கிட்ட வாங்கிப் போட்டேனே.

அரியலூர்: ஐயோ, அதப் பாடிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. தோளு தானா ஆடும். பொண்ணு அடக்கமில்லன்னு பேராயிடும்.

பெரம்பலூர்: அப்ப... தெரியலைங்க. இது நான் சொல்றது சரியா வராது. நீங்களே பாத்துக்கங்க.

அரியலூர்: என்ன ஒதுங்குறீங்க? தை மாசம் ஒண்ணு போட்டீங்களே. ஜெயங்கொண்டத்துக் கச்சேரிக்காரங்க கோயில் திருவிழாவுக்கு அவங்களாவே கட்டுன பாட்டு...

பெரம்பலூர்: பால் பொங்குற பாட்டா?

அரியலூர்: அதேதான். புருசனும் பொண்டாட்டியும் அடுப்படியில நின்னு பேசிக்கிட்டே இருப்பாங்க. ‘பால் பொங்கிப் போச்சு, பேச்சு முடியல... பானையும் கருகிப் போச்சு, பேச்சு முடியல.’

பெரம்பலூர்: அன்னைக்கு அதக் கேட்டு என்ன பண்ணுச்சுன்னு நீங்க சொல்லவே இல்ல. லைன் வருதுன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க.

அரியலூர்: லைன்லாம் வரல. அழுவுற மாதிரி ஆயிடுச்சு. சிரிக்க வேண்டிய பாட்டுக்கு எதுக்கு அழுவுறேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. இந்த மாதிரி ஒரு வூடு நமக்குக் கெடைக்குமான்னு... சரி விடுங்க. அது ஒண்ணு. இப்ப ரெண்டாவது சொல்லுங்க. வேணாங்கறதுக்கு.

பெரம்பலூர்: சோகமா இருக்கணுமா, கோவமா இருக்கணுமா?

அரியலூர்: ரெண்டும் வேணாம். வந்த மனுசன் மனசு நோகக் கூடாது. பஸ்ஸு புடிச்சு வந்து, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, வேத்து விறுவிறுத்து உக்காந்திருப்பாரு பாவம்.

பெரம்பலூர்: இப்பவே இவ்வளவு பாவம் பாக்குறீங்க!

அரியலூர்: பொறாமையா?

பெரம்பலூர்: எனக்கென்ன... செல்லப்பன் வாத்தியார் கேசட்டு ஞாபகமிருக்கா?

அரியலூர்: யாரு, உடையார்பாளையத்து ஆர்மோனிய வாத்தியாரா? சொந்தமா நூறு கேசட்டுப் போட்டு, தொண்ணூத்தஞ்சு அவரு வூட்டுப் பரண்லயே கெடக்குன்னீங்களே?

பெரம்பலூர்: அதுல ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு. ‘வாசல் வரைக்கும் வந்தது போதும், வந்த காலுக்கு வந்தனம்... நீ திரும்பிப் போற ரோட்டுல புளியமரம் உண்டு, நெழலுக்குக் கொறையில்ல.’

அரியலூர்: அதா! அது நீங்க ரொம்ப ஆசையா வெச்சிருந்த பாட்டாச்சே. மனசு சரியில்லாதப்ப அதைத்தான் போட்டுக் கேப்பேன்னு சொன்னீங்க. அதப் போயி யாருக்கோ வேணாம்னு சொல்லக் குடுக்குறீங்க?

பெரம்பலூர்: அதக் கேட்டா தாங்கிக்கலாம். திட்டல, சிரிக்கல. போயிட்டு வான்னு நெழலையும் சேத்துக் குடுத்து அனுப்புது. அப்புறம் தாளமும் மெதுவா போவும். மெதுவா நடந்து போறவன் காலுக்குத் தோதா இருக்கும்.

அரியலூர்: யாரு மெதுவா நடக்குறாங்க?

பெரம்பலூர்: ம்?

அரியலூர்: மெதுவா நடக்குறவன் காலுன்னீங்க.

பெரம்பலூர்: பாட்டுல வரவன்... வேணாம்னு சொன்னப்புறம் யாரு வேகமா நடப்பாங்க?

அரியலூர்: அதுவும் சரிதான்.

பெரம்பலூர்: ஒண்ணு கேக்கட்டுமா? வர்ற ஆளுக்கு ஏதாச்சும் கொறை இருந்துச்சுன்னா... எந்தப் பாட்டு பாடுவீங்க?

அரியலூர்: என்ன கொறை? மூக்கு நீளமா?

பெரம்பலூர்: விளையாடாதீங்க.

அரியலூர்: கொறை என்னன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும். ஆனா ஒண்ணு. மறைச்சு வெச்சு, தாலி கட்டுனப்புறம் தெரிஞ்சுதுன்னா அதை எந்தப் பாட்டாலயும் தேத்த முடியாது. அது மட்டும் நிச்சயம்.

பெரம்பலூர்: மறைக்கணும்னு மறைக்கல. சொல்றதுக்கு... ஒரு எடம் வேணும்ல. பேசிக்கிட்டிருக்கோம், சிரிச்சுக்கிட்டிருக்கோம், நடுவுல எப்புடி அதைக் கொண்டாந்து வெக்கிறது?

அரியலூர்: யாரு மறைச்சது? நீங்க எதுக்கு அந்த மாப்பிள்ளைக்கு வக்கீலு மாதிரிப் பேசுறீங்க?

பெரம்பலூர்: கமலவேணி...

அரியலூர்: என்ன இன்னைக்குப் பேரெல்லாம் சொல்றீங்க? என்னைக்கும் அரியலூர்தானே?

பெரம்பலூர்: நான் ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாதீங்க. பேசுனீங்கன்னா அப்புறம் எனக்கு வராது. நான் வந்து... ச்சே! லைட்டு எரியுதே!

அரியலூர்: யாரு?

பெரம்பலூர்: ஆஸ்பத்திரிங்க. திருச்சிக்கு அவசரமாக் கேக்குறாங்க. வெச்சுடாதீங்க. தயவுபண்ணி வெச்சுடாதீங்க, ரெண்டே நிமிசம்!

அரியலூர்: நான் எங்கயும் போவல. நீங்க மொதல்ல அதப் பாருங்க.

பெரம்பலூர்: ... திருச்சி, திருச்சி, பெரம்பலூர் பேசறேன், அவசரக் காலு... ஆமா, டாக்டரு லைன்ல இருக்காரு... பேசுங்க சார்... அரியலூர்?

அரியலூர்: இருக்கேன். கெடைச்சுதா?

பெரம்பலூர்: கெடைச்சுது, பேசிக்கிட்டிருக்காங்க.

அரியலூர்: சொல்லுங்க. குறுக்க பேச மாட்டேன்.

பெரம்பலூர்: ஞாயித்துக்கெழமை வரப் போறது நாந்தான். நீங்க ஒரு நாளு உங்கப்பா பேரு, ஊரு எல்லாம் சொன்னீங்கல்ல. எங்கப்பாகிட்டச் சொன்னேன். அவரு விசாரிச்சாரு. நம்ம சனந்தான், தூரத்துச் சொந்தம் கூட ஆவுதுன்னாரு. ஆளு விட்டுப் பேசியிருக்காங்க. உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னுதான் நெனச்சேன். இன்னைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு... இருக்கீங்களா?

அரியலூர்: ம்.

பெரம்பலூர்: இன்னொண்ணும் இருக்கு. எனக்கு வலது காலு சரியில்ல. மூணு வயசுல இளம்பிள்ளை வாதம். சாச்சு சாச்சுத்தான் நடப்பேன். மாடிப்படின்னா கைப்புடி வேணும். உங்க ஊருத் திருவிழாவுக்கு வரேன் வரேன்னு ரெண்டு தடவை ஏமாத்துனேனே, பஸ்ஸு கெடைக்கலைன்னு சொன்னதெல்லாம் பொய். பஸ்ஸுலேருந்து நான் எறங்குறதை நீங்க பாத்துடுவீங்கன்னுதான்... இந்த வேலைக்கு நான் வந்ததே உக்காந்து பாக்குற வேலைன்னுதான். போர்டு முன்னாடி உக்காந்துட்டா எல்லாக் காலும் ஒண்ணுதான். உங்ககிட்டப் பேசுறப்ப எனக்குக் கொறை இருக்குங்கறதே மறந்து போவுது. அந்த மறதியை விட மனசு வரல. அவ்வளவுதான். அதனால வேணாங்கற பாட்டைப் பாடுறதுன்னா தயங்காதீங்க. செல்லப்பன் வாத்தியார் பாட்டுதானே, நான் தாங்கிக்குவேன். சிரிச்ச முகமாவே எழுந்து போயிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க பாட்டுப் போடலைன்னாலும்... இல்ல, அது மட்டும் வேணாம். பாட்டுப் போடுங்க.

அரியலூர்: பேசி முடிச்சுட்டீங்களா?

பெரம்பலூர்: முடிச்சுட்டேன்.

அரியலூர்: உங்கப்பா செவ்வாக்கெழமை எங்கிட்டுப் போனாருன்னு தெரியுமா?

பெரம்பலூர்: செவ்வாக்கெழமையா? எனக்கு வார லீவு அன்னைக்கு. போஸ்ட் ஆபீஸ் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாரு. எதுக்குக் கேக்குறீங்க?

அரியலூர்: அங்கேருந்து எங்க சித்தப்பா ரைஸ்மில்லுக்குப் போன் போட்டாரு. காலையில பதினோரு மணிக்கு.

பெரம்பலூர்: உங்க சித்தப்பாவுக்கா? உங்களுக்கு எப்புடித் தெரியும்?

அரியலூர்: ஏன் சார், நீங்க ஆபரேட்டர் வேலைதானே பாக்குறீங்க? பெரம்பலூர்லேருந்து அரியலூருக்கு ஒரு கால் வந்தா, அது அரியலூர்ல யாரு கை வழியாப் போவும்? பத்து வருசம் சர்வீஸ்னு பெருமை வேற!

பெரம்பலூர்: ஐயோ...

அரியலூர்: ஒட்டுக் கேக்கக் கூடாதுதான். டிபார்ட்மெண்டுக்கு எழுதிப் போடணும்னா போட்டுக்கங்க. மொத ரெண்டு நிமிசம் மழையைப் பத்தியும் முந்திரி வெளைச்சலைப் பத்தியும் பேசுனாரு. ட்ரங்க் காலுக்குக் குடுக்குற மூணு நிமிசம் ஆயிடுச்சு. எனக்கு என்னமோ அவரு சொல்ல வந்ததை இன்னும் சொல்லலைன்னு தோணுச்சு. கட் பண்ணாம விட்டேன்.

பெரம்பலூர்: என்ன சொன்னாரு?

அரியலூர்: எம்மவன் செல்லதுரை ஒரு காலைச் சாச்சுத்தான் நடப்பான், அதை மறைச்சு வெச்சுப் பொண்ணு எடுக்க மாட்டேன், உங்க பொண்ணுகிட்டச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் எங்களை வரச் சொல்லுங்கன்னாரு. அவரு கொரல் நடுங்குச்சு. சித்தப்பா போயி சொல்லி, அன்னைக்கு ராத்திரி அப்பா எங்கிட்ட வந்து கேட்டாரு. அக்கா விசயத்துல கேக்காம விட்டதுக்கும் சேத்துக் கேட்டாரு.

பெரம்பலூர்: அப்ப... செவ்வாக்கெழமையே எல்லாம் தெரியும்?

அரியலூர்: தெரியும்.

பெரம்பலூர்: தெரிஞ்சுக்கிட்டேவா என்னை இவ்வளவு நேரம் வேத்து விறுவிறுக்க வெச்சீங்க? அப்ப எதுக்கு ரெண்டு பாட்டு? வேணாங்கறதுக்கு ஒண்ணை எதுக்குத் தேடச் சொன்னீங்க?

அரியலூர்: உங்கப்பா சொல்லிட்டாரு. நீங்களா எங்கிட்டச் சொல்லுவீங்களான்னு பாக்கணும்ல? மூணு நாளா ஒவ்வொரு கால்லயும் காத்துக்கிட்டிருந்தேன். அப்பாகிட்ட புதன்கெழமை காலையிலயே சொல்லிட்டேன்... பால் பொங்குற பாட்டு ஒண்ணுதான் பாடுவேன், வேற பாட்டு எனக்குத் தெரியாதுன்னு.